மேல் வேலைக்கும் கீழ் வேலைக்கும் நடுவில்

அக்காவை முதன்முதலில் பார்த்த அன்று, அந்த ஒர்க்‌ஷாப்பில் இருந்த ஆண்கள் இருவருக்கும் காது கேட்காது என்று நினைத்துவிட்டேன். எனக்கு வேலை உத்தரவு கிடைத்த வாரம் அது. மாடி அறை வாடகைக்கு என்று ஷட்டரில் சாக்பீஸால் எழுதியிருந்ததைப் பார்த்து உள்ளே போனேன். ஒரு காரின் பானெட்டுக்குள் தலையை விட்டபடி ஒருவர். அதே காரின் அடியில் மல்லாந்து படுத்தபடி இன்னொருவர். மட்கார்டில் கையை ஊன்றி நடுவில் அக்கா.

"அந்த போல்ட்டக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுக்கா" என்றது கீழேயிருந்து குரல்.

"போல்ட்டத் தளர்த்தணுமாம்" என்றார் அக்கா, மேலே பார்த்து.

"எவ்வளவுன்னு கேளு."

"எவ்வளவுடா?"

"அரைச் சுத்து."

"அரைச் சுத்தாம்."

இரண்டு பேருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிகூட இல்லை. நான் யார், என்ன என்று அக்கா விசாரித்தார். எங்கள் வம்சத்திலேயே கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கேட்காதவர்களிடமும் அதைச் சொல்லும் பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அக்கா அதை மேலே ஒரு தரம், கீழே ஒரு தரம் அறிவித்தார். பட்டமளிப்பு விழாவில்கூட என் பட்டத்தை ஒரு தடவைதான் வாசித்தார்கள்.

பானெட்டுக்குள் இருந்தவர் அக்காவின் கணவர். எல்லோருக்கும் அவர் பெரியவர். அடியில் கிடந்தவர் அக்காவின் தம்பி, சின்னவர். ஒர்க்‌ஷாப் அக்காவின் அப்பா வைத்தது; மாடியில் அவர்கள் வீடு, அதை ஒட்டி என் அறை. அவருக்கு நெஞ்சுவலி வந்த நாளில் வீட்டுக் காரின் இன்ஜின் துண்டு துண்டாகக் கழற்றிக் கிடந்தது. வேறு வண்டி பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கழற்றச் சொன்னது யார் என்று சண்டை. "நீங்கதான் தலையாட்டினீங்க" என்று ஒருவர். "நான் எங்கடா ஆட்டினேன்" என்று மற்றவர். அன்றோடு பேச்சு நின்றது. அதுவரை வாய்க்கு வாய் "மாமா" என்று கூப்பிட்ட சின்னவருக்கு, அவர் "உன் வீட்டுக்காரர்" ஆனார். பெரியவருக்கு இவர் "உன் தம்பி" ஆனார்.

வேலையையும் பங்கு பிரித்தார்கள். ஹெட், வால்வு, கேம் ஷாஃப்ட் எல்லாம் மேல் வேலை; பெரியவருடையது. பிஸ்டன், கிராங்க், கியர்பாக்ஸ் எல்லாம் கீழ் வேலை; சின்னவருடையது. ஒருவர் செய்ததை இன்னொருவர் குனிந்து சரிபார்க்க மாட்டார். பார்த்தால் சந்தேகப்பட்டதாக ஆகும், சந்தேகப்பட்டால் கேட்க வேண்டும், கேட்டால் பேசியதாகிவிடும். வேலை சுத்தமாக இருந்ததால் வண்டிகள் வந்துகொண்டுதான் இருந்தன. நடுவில் நின்று வார்த்தை சுமந்த அக்காவுக்குத் தெருவில் தபால்பெட்டி என்று பெயர்.

பேசாமல் தனித்தனியாகப் போய்விடலாமே என்று ஒருமுறை கேட்டேன்.

"பிரிஞ்சா நான் எந்தப் பக்கம் நிக்கிறது?" என்றார். "ஒருத்தர் கட்டினவர். ஒருத்தன் நான் இடுப்புல தூக்கி வளர்த்தவன். இந்த ஷட்டர் ஒண்ணா இருக்கிற வரைக்கும்தான், தம்பி, எனக்கு ரெண்டு பேரும்."

அப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியவரை உலுக்கியது அவர் மகள்தான். ஒரு நாள் சாப்பிடும்போது, எதிரே உட்கார்ந்திருந்த பெரியவரைக் காட்டி, "அம்மா, தண்ணிய நகர்த்தச் சொல்லு அப்பாகிட்ட" என்றதாம் குழந்தை. சண்டையும் இல்லை, கோபமும் இல்லை. வீட்டில் பேசும் முறையே இதுதான் என்று நினைத்திருக்கிறது. அன்றிரவே அக்கா இரண்டு பேரையும் கூப்பிட்டு, இனி யார் வார்த்தையையும் யாரிடமும் கொண்டுபோக மாட்டேன், வாய் இருக்கிறவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். வேலை வந்து கழுத்தைப் பிடித்தால் பேசித்தானே ஆக வேண்டும் என்பது அவர் கணக்கு.

மறுநாளே வந்தது வாடகைக் கார் ஒன்று. கேம் ஷாஃப்ட் தேய்ந்துபோய், ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த வண்டி. ஓட்டுநரின் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தன் வண்டியிலேயே கூட்டிவர வேண்டும் என்று அவர் ஸ்டூலைப் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு விடுமுறை. மாடிப்படியில் பேப்பரும் கையுமாக இருந்தேன்.

வழக்கமாகச் சின்னவர் கிராங்கை அதன் மார்க்கில் நிறுத்திக் கொடுப்பார். பெரியவர் புது ஷாஃப்ட்டை வைத்து, மேல் மார்க்கைச் சேர்த்து, டைமிங் பெல்ட்டைப் போடுவார். அன்று பழைய ஷாஃப்ட் இறுகியிருந்தது. கழற்றும்போது வால்வு போய் பிஸ்டனில் முட்டிவிடாமல் இருக்க, சின்னவர் கிராங்கைக் கால் சுற்று பின்னால் திருப்பி வைத்தார். பெல்ட் போடுமுன் அதை மார்க்குக்குக் கொண்டுவர வேண்டும்; இல்லையென்றால் இன்ஜின் சுற்றும்போது வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதற்குள் எங்கோ ரோட்டில் நின்றுபோன லாரிக்கு அவரைக் கூப்பிட்டார்கள்.

கிளம்பும்போது அக்காவிடம் வந்தார். "கிராங்க் மார்க்குல இல்ல, பின்னாடி திருப்பி வச்சிருக்கேன். சொல்லிடு."

"அவர் அங்கதான் இருக்காரு. நீயே சொல்லு" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சின்னவர் சுவரில் மாட்டியிருந்த ஸ்பேனர்களைப் பார்த்து அதே வார்த்தைகளைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். பெரியவர் புது ஷாஃப்ட்டுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அவர் கை ஒரு கணம் நின்று, மறுபடி பூச ஆரம்பித்தது.

அவர் குனிந்து பார்க்கவில்லை. பெல்ட்டை மாட்டினார். எல்லாம் பூட்டியபின் சாவி போடுமுன் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்ப்பது அங்கே வழக்கம். ஆனால் அது கீழ் வேலை. ஓட்டுநர் வாசலுக்கும் ஸ்டூலுக்கும் நடந்துகொண்டிருந்தார். பெரியவர் சாவியைத் திருப்பினார்.

உள்ளே இரும்பு இரும்பைத் தட்டியது. அதன்பிறகு செல்ஃப் அடித்தபோதெல்லாம், இன்ஜின் தையல் மிஷின் மாதிரி லேசாகச் சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார், பொறி வந்தது. பெட்ரோல் வந்தது. கடைசியில், உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் கேஜை எடுத்து ஒவ்வொரு பிளக் துளையிலும் வைத்தார். அக்கா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பிக் கொடுத்தார். முள் எதிலும் எழவில்லை. எழாத முள்ளை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோதே அக்காவின் முகம் செத்துவிட்டது. வால்வெல்லாம் வளைந்திருந்தது.

சின்னவர் திரும்பி வந்து கேஜையும் பெல்ட்டையும் பார்த்தார். அப்போதும் அக்காவிடம்தான் கேட்டார்.

"கிராங்க் திரும்பியிருக்குன்னு நான் சொன்னேனா இல்லையாக்கா?"

"எங்கிட்ட யாரும் எதுவும் சொல்லலைன்னு அவன்கிட்ட சொல்லு" என்றார் பெரியவர்.

"காது இல்லையான்னு கேளு."

"சுவத்துகிட்ட சொன்னா சுவருதான் பதில் சொல்லணும்னு சொல்லு."

சின்னவர் ஸ்பேனரைத் தரையில் போட்டார். "போதும்க்கா. இன்னைக்கே பிரிச்சிக்கலாம். நீ யார் பக்கம்னு இப்பவே சொல்லிடு."

ஓட்டுநர் எழுந்து நின்றுவிட்டார். நான் இரண்டு படி இறங்கி வாயைத் திறந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க மேல போங்க தம்பி" என்றார். பிறகு மட்கார்டில் கையை ஊன்றி, இருவரையும் பார்க்காமல் அதைப் பார்த்துச் சொன்னார்.

"அவன் சொல்லச் சொன்னான். நான்தான் மறந்துட்டேன்."

நடந்தது இதுவல்ல என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேருடைய தோளும் ஒரே நேரத்தில் இறங்கியதை நான் பார்த்தேன்.

"மறந்துட்டியா? அடுத்தவன் இன்ஜின்டி இது" என்றார் பெரியவர். "குழம்புக்கு உப்பு மறந்த மாதிரி சொல்றா பாரு" என்றார் சின்னவர். பெரியவர் நிமிர்ந்து, நேராக மைத்துனரின் முகத்தைப் பார்த்தார்.

"உங்கக்காவுக்கு எப்பவுமே இப்படித்தான்."

"ஆமா மாமா" என்றார் சின்னவர்.

"ஹெட்ட இறக்கணும்."

"இறக்கிடலாம் மாமா."

அக்கா மட்கார்டிலிருந்து கையை எடுத்தார். ஓட்டுநர் செருப்பை மாட்டிக்கொண்டு, வேறு வண்டி பிடிக்க ரோட்டுக்குப் போனார். அவர் மனைவி வேறொருவர் காரில்தான் வீடு வந்து சேர்ந்தார்.

அந்த வார முடிவிலேயே அக்காவை ஒர்க்‌ஷாப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இருவரும் கலந்து பேசி எடுத்த முதல் முடிவு அது. வாடிக்கையாளர்களிடம் பெரியவர் சொல்கிறார், வீட்டம்மாவின் மறதியால் ஒரு இன்ஜின் போயிற்று என்று. சின்னவர் சிரித்துக்கொண்டே ஆமாம் போடுகிறார். உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று அக்காவிடம் ஒருமுறை கேட்டேன். "சொன்னா மறுபடியும் வாய மூடிக்குவாங்க தம்பி, விடுங்க" என்றார்.

இப்போது ஒர்க்‌ஷாப்பில் மாமாவும் மைத்துனரும் ஒரே டீயைப் பாதி பாதியாகக் குடிக்கிறார்கள். மகள் அப்பாவிடம் நேராகவே தண்ணீர் கேட்கிறாள். அக்கா அடுத்த தெருவில் அட்டைப்பெட்டி மடிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். காலையில் ஷட்டர் வழியாக அல்ல, பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போகிறார்.