சமையற்காரர் வழக்கில் நான் எழுதாத தீர்ப்பு

வக்கீல் குமாஸ்தா வேலைக்குச் சட்டம் தெரிய வேண்டியதில்லை. காத்திருப்பவர்கள் முகத்தைப் பார்க்காமல் நடக்கத் தெரிந்தால் போதும். கோர்ட் வாசலில் நின்று கால் கடுத்துப்போன உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டாம். புதுக்கோட்டையில் இருபத்தைந்து வருஷம் அப்படி நடந்துவிட்டு, போன வருஷம் ஒரு நாவல் எழுதினேன். சமஸ்தான காலத்துக் கதை. ஜமீன்தார் ஒருவர் பால் குடித்துச் சாகிறார். பால் காய்ச்சிய சமையற்காரர் கூண்டில் நிற்கிறார். விஷம் வைத்தது யார், தீர்ப்பு என்ன என்று சொல்லாமலே முடித்துவிட்டேன். எனக்கே தெரியவில்லை என்பதுதான் நிஜம். 'வாசகர் முடிவுக்கே விட்டிருக்கிறேன்' என்று முன்னுரையில் அளந்துவிட்டேன்.

முதல் வாசகர்

எங்கள் வக்கீலுக்குத்தான் முதல் பிரதி. கேஸ் கட்டையே முழுசாகப் படிக்காத மனுஷர், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் என் நாவலை முடித்துவிட்டார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஆபீசில் இன்னொரு பிரதியைக் கேட்டு வாங்கினார். இரண்டின் கடைசிப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டுலயுமே தீர்ப்பக் காணோம்யா, பைண்டிங்காரன் ஒன்னை ஏமாத்திட்டான்!"

கீரனூர் பஸ்

கீரனூர் கோர்ட்டுக்குப் போகும்போது முன் சீட்டில் ஒரு டீச்சரம்மா என் நாவலைப் படித்துக்கொண்டு வந்தார். பின்னட்டையில் என் போட்டோ இருக்கிறது. அவர் திரும்பினால் போதும், நான் பிரபலம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, போட்டோவில் இருப்பது மாதிரியே தாடையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

கடைசிப் பக்கம் முடிந்தது. தாள் ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, பக்கத்துத் தோழியிடம் சொன்னார்: "ஸ்டாப்பிங்குக்கு முன்னாடியே எறக்கி விட்டுட்டுப் போயிட்டான்டி."

உரக்கடையிலிருந்து ஒரு போன்

இலுப்பூரில் உரக்கடை வைத்திருக்கும் எங்கள் கட்சிக்காரர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "மிச்சப் பாலைப் பூனைக்கு வச்சுப் பாத்தாகளா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

கோட்டைப்பட்டினத்துக்காரர்

படகு இஞ்சினைத் திருடியதாக ஒரு பெரியவர் மேல் வழக்கு. எங்கள் ஆபீஸ்தான் அவருக்காக நடத்தியது. ஒவ்வொரு தடவையும் கோட்டைப்பட்டினத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து நிற்பார். சாட்சி வரவில்லை, வக்கீலுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். வாய்தா வாங்கி, அடுத்த தேதியைத் துண்டுச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுப்பவன் நான். ஒரு தேதி வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்ததால் வழக்கு முடிந்தது என்று எழுதி, கட்டைப் பரணில் போட்டதும் நான்தான்.

போன மாதம் அவருடைய மகன் என் புத்தகத்தோடு வந்தார். திட்டப்போகிறார் என்று தயாராக இருந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை, தணிந்த குரலில்தான் கேட்டார். "எங்க வாப்பா தீர்ப்பு வராமலே மௌத்தாயிட்டாக. ஊர்ல இன்னமும் ரெண்டு விதமாத்தான் பேசுறாக. அந்தச் சமையக்காரரையாவது நீங்க விடுதலை பண்ணியிருக்கலாமேண்ணே?"

ஜட்ஜும் நான், சாட்சியும் நான், பேனாவும் என்னுடையது என்று இருந்த ஒரே ஒரு வழக்கிலும் வாய்தா வாங்கிவிட்டு, அதற்கு இலக்கியம் என்று பேர் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.