இடிக்கு ஒரு முகவரி

கீழ் கோத்தகிரிச் சரிவிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் சசிதரன். மனைவி சுகந்தி குன்னூரில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் குடும்பம். ஆகவே, தினசரி இலை எடையை கிளவுட் டேட்டாபேஸில் ஏற்றும் புரோகிராம் ஒன்றை எழுதி ஓட்டிக் காட்டினால் குன்னூர் அலுவலகத்துக்கு மாற்றல் தருவதாக மேனேஜர் அழகர்சாமி சொன்னதும், சசிதரன் அன்றைக்கே சுகந்தியிடம் வீடு பார்க்கச் சொல்லிவிட்டார்.

பொத்தானோ படமோ இல்லாத, எழுத்து மட்டும் ஓடும் கறுப்புத் திரைப் புரோகிராம் அது. மேனேஜர் பார்க்க வரவிருந்த நாளன்று காலையில் இணைப்பு கிடைத்தது. மதியம் மறுபடி ஓட்டினால், "அனுமதி இல்லை" என்றது திரை. சசிதரன் கடவுச்சொல்லை மாற்றினார். புரோகிராமையே பாதி அழித்து மறுபடி எழுதினார். திரை தன் சொல்லில் நின்றது.

கருப்பம்மா தேநீர் கொண்டுவந்தார். அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பதும், இடி கேட்டால் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்குவதும் அவர் பொறுப்பு.

"நெட்டு வருதுங்களா தம்பி? இடிச்சுதுன்னு மோடத்தப் புடுங்கி இப்பத்தான் மாட்டுனேன்."

சசிதரனுக்கு அப்போதுதான் உறைத்தது. மோடம் அணைந்து எழும்போதெல்லாம் அதன் இணைய முகவரி மாறும். டேட்டாபேஸோ, அனுமதிப் பட்டியலில் உள்ள முகவரிக்கு மட்டுமே கதவைத் திறக்கும். புது முகவரியைப் பட்டியலில் சேர்த்தார், இணைந்தது. மலைக்கு அப்பால் மறுபடி இடி உறுமியது. கருப்பம்மா பிளக்கை நோக்கி நடந்தார்.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க."

"போன மழைக்கு மோடம் கருகுனப்போ, கண்ணு எங்க போச்சுன்னு என்னையத்தானுங்க கேட்டீங்க?" பிளக் கையோடு வந்துவிட்டது.

எந்த முகவரியிலிருந்து வந்தாலும் விடு என்று எழுதிவிடவும் வழி உண்டு. அது ஊருக்கே சாவி கொடுப்பதற்குச் சமம். சசிதரனுக்கு மனம் வரவில்லை. மேனேஜர் வந்தபின், இடிக்கு ஒரு தடவை முகவரி சேர்த்து, இடைவெளியில் எடை ஏற்றிக் காட்டினார்.

"ஓடுது, சரி," என்றார் அழகர்சாமி. "நீங்க குன்னூருக்குப் போயிட்டா, இடிக்கறப்ப முகவரிய யாரு போடறது? மாற்றல அப்பறம் பாக்கலாம்."

சசிதரன் வாய் திறக்குமுன் கருப்பம்மா முந்தினார்.

"புடுங்கறவளே போட்டுட்டுப் போறேனுங்க தொரை. இவரு ஊட்டுக்காரம்மாவ ஆபீஸ் போனுல தெனமும் சமாதானப்படுத்தறதக் கேக்கறதுக்கு, நாலு எண்ணு அடிக்கறது எவ்வளவோ சுகமுங்க."

மேனேஜர் சிரித்துவிட்டார். அடுத்த இடிக்குக் கருப்பம்மா துணையின்றி முகவரியைப் போட்டுக் காட்டட்டும், அன்றைக்கே மாற்றல் உத்தரவு என்றார்.

மறுநாளிலிருந்து வானம் துடைத்து வைத்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. கொழுந்து பறிப்பவர்கள் வெயிலை மெச்சினார்கள்.

"சும்மாவே ஒருக்காப் புடுங்கிப் போட்டுக் காட்டுங்கக்கா," என்று சசிதரன் கெஞ்சினார்.

"இடிக்காமப் புடுங்குனா தொரைகிட்டப் பொய் சொன்னதாயிரும் தம்பி."

அந்த வாரக் கடைசியில் குன்னூரிலிருந்து சுகந்தி அழைத்தாள். "இங்க லேசா இருட்டிக்கிட்டு வருதுங்க. அந்தப் பக்கமாத் தள்ளி விடட்டுமா?"