பட்டியலில் இல்லாத கட்டி

1

எண்பதுகளின் ஆரம்பம். மருந்து அனுமதிப் பிரிவில் நான் குமாஸ்தா. வில்லியனூரிலிருந்து மூலக்குளம் வழியாக சைக்கிளில் ஆபீஸ் போவேன். வெளிநாட்டு மருந்து ஒருவருக்கு வேண்டுமென்றால் டாக்டர் சீட்டோடு எங்களிடம் மனுப் போட வேண்டும். மேலிடத்து சர்க்குலரில் அந்த மருந்துக்கு நேரே ஒரு நோய்ப் பட்டியல் இருக்கும். மனுவிலுள்ள நோய் அதில் இருந்தால் ‘பொருந்தும்’, இல்லாவிட்டால் ‘பொருந்தாது’ என்று நோட் ஷீட்டில் எழுதுவேன். இந்த வேலைக்குக் கண் இருந்தால் போதும், மூளை வேண்டாம் என்று நினைத்திருந்தேன். அடேயப்பா, என்ன நினைப்பு!

சோரியாங்குப்பத்திலிருந்து கலியபெருமாள் வந்தார். கரும்பு வெட்டுகிறவர். மகள் செல்விக்கு ஐந்து வயது. வயிற்றில் கேன்சர் கட்டி. டாக்டர் எழுதியிருந்த புது ஊசிக்கு நேரே நுரையீரல், மூத்திரப்பை, கிட்னி என்று இருந்தது. செல்வியின் நோய்க்கு வாயில் நுழையாத ஒரு பெயர். அது பட்டியலில் இல்லை. ‘பொருந்தாது’ என்று எழுதித் திருப்பிவிட்டேன்.

மறுநாள் டாக்டரே அந்த மனுவோடு என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

“ஏம்பா, பட்டியல்ல எப்படி இருக்கும்? இந்தக் கட்டி பெரியவங்களுக்கு வர்றதே அபூர்வம். மருந்தைச் சோதிச்சது பூரா பெரியவங்க கிட்ட. அப்புறம் குழந்தை நோய் எங்கேர்ந்து அதுல வரும்?”

“எல்லாம் கேன்சர்தானே சார்? டோஸைப் பாதியாக்கினா சரியாப் போச்சு.”

“பஸ்ஸுல அரை டிக்கெட் வாங்குற மாதிரின்னு நெனச்சியா? நோயே வேறப்பா. கரு வளர்றப்போ நரம்பாக வேண்டிய செல்லு தப்பா வளர்ந்து கட்டியாயிருக்கு. கிட்னிக்கு மேல உக்காந்திருக்கு.”

“நோய் வேறன்னா மருந்து மட்டும் எப்படி சார் ஒண்ணாவும்?”

“வேகமாப் பெருகுற செல்லை இந்த மருந்து அடிக்குது. யாரு உடம்புல, எந்த இடத்துலன்னு அதுக்குத் தெரியுமா?”

எனக்குத் தலை சுற்றியது. வேறு என்றும் சொல்கிறார், ஒன்று என்றும் சொல்கிறார். அவர் போன பிறகு ‘கிட்னிக்கு மேல’ என்பது மட்டும் மனதில் நின்றது. கிட்னிதான் பட்டியலில் இருக்கிறதே! புது நோட் ஷீட் எடுத்து ‘கிட்னி கேன்சர், பொருந்தும்’ என்று எழுதினேன். ஆபீசர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். டாக்டர் சீட்டு எங்களிடமே தங்கிவிடும், நோட் ஷீட் மட்டும் மேலிடத்துக்குப் போனது.

2

ஊசி வந்தது. ஒன்றரை மாதம் கழித்துக் கலியபெருமாள் சிரித்துக்கொண்டு வந்தார். “கட்டி சுருங்கிப்போச்சு சார். பாப்பா சோறு துன்றா, வூட்டுல ஓடுறா.” ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று அன்றைக்கு வீட்டில் பீற்றிக்கொண்டேன்.

இரண்டாவது செட் ஊசிக்கு டாக்டரின் ரிப்போர்ட் வைக்க வேண்டும். அவர் உண்மையான பெயரை எழுதியிருந்தார். மேலிடத்தில் என் பழைய நோட் ஷீட்டையும் இந்த ரிப்போர்ட்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, எந்த நோய்க்கு அனுமதி கேட்கிறீர்கள் என்று ஃபைலைத் திருப்பி அனுப்பினார்கள்.

“யோவ், இன்னாய்யா இது?” என்றார் ஆபீசர். நடந்ததைச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. “மருந்து வேலை செஞ்சிருக்கு. ஆனா நம்ம காகிதத்துல அது கிட்னி கேன்சருக்கு வேலை செஞ்சதா இருக்கு. அந்தப் பொண்ணு நோவுக்கு இதுவரைக்கும் யாருமே குடுக்காத மாதிரி இருக்கு. இப்ப நான் எதைக் காட்டிக் கேக்குறது?”

எனக்கு மெமோ வருமோ என்ற பயம்தான் முதலில் வந்தது. பிள்ளையின் நினைப்பு பிறகுதான் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆபீசரும் டாக்டரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதினார்கள். இந்த நோய் ஏன் பட்டியலில் இல்லை, பெரியவர்களிடம் மருந்து எப்படி வேலை செய்தது, குழந்தையிடம் ஏன் செய்யக்கூடும், முதல் செட்டில் கட்டி எவ்வளவு சுருங்கியது என்று எல்லாம். அனுமதி வர மூன்று வாரம் ஆனது.

ஒருநாள் விட்டு ஒருநாள் கலியபெருமாள் தவளக்குப்பம் வந்து பஸ் பிடித்து ஆபீசுக்கு வருவார். முதல் இரண்டு தடவை மேலிடத்தில் தாமதம் என்று சமாளித்தேன். மூன்றாவது தடவை பொய் சொல்ல வாய் வரவில்லை. “தப்பு என்னுதுங்க” என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நின்றேன்.

“அந்த நோவு பேரு எனக்குச் சொல்லக்கூட வராது சார். படிச்சவங்க, பாத்து எழுதுவீங்கன்னுதானே உங்க கையில குடுத்தேன்.” அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஊசி வந்தபோது கட்டி மறுபடி பெருத்திருந்தது. போட்டார்கள். பொங்கலுக்கு முன்னால் செல்வி செத்துப்போனாள்.

டாக்டரிடம் கேட்டேன், “அந்த மூணு வாரம் இல்லன்னா சார்?”

“பொழச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். எனக்குத் தெரியலப்பா.”

ரிட்டையர் ஆகும்வரை அந்த மேஜையில்தான் இருந்தேன். மருந்தை அனுமதிக்கும்போது வயதைப் பார்ப்பதா, இடத்தைப் பார்ப்பதா, செல்லைப் பார்ப்பதா என்று கேட்டால் இன்றைக்கும் குழப்பம்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது ஒன்றுதான். புரியாவிட்டால் ‘புரியவில்லை’ என்று எழுதி மேலே அனுப்புங்கள். அந்த ஒரு வார்த்தையை எழுத அன்றைக்கு என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. செல்வி இருந்தால் இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கும்.