காம்பு விழுந்த செர்ரி

எங்கள் ரூம் வீரபாண்டிக்கு இந்த அரபு நாட்டில், அல் கூஸில் ஒரு பழக் கிடங்கில் வேலை. குளிர் அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு செர்ரி தரம் பிரிப்பான். ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்க, இவன் மட்டும் சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வருவான். அதிகம் பேசமாட்டான். பேசினால் ஒன்று செர்ரி, இல்லையென்றால் அருப்புக்கோட்டையில் இருக்கும் ஐந்து வயது மகள் விஜி.

அவளோ இவனிடம் பேசவே மாட்டாள். "அப்பாகிட்ட பேசுடி" என்று இவன் பெண்டாட்டி நாகஜோதி போனை நீட்டினால் ஓடிவிடுவாள். கைக்குழந்தையாகப் பார்த்துவிட்டு வந்தவன். அவளுக்கு இவன் யாரோ. அதைச் சிரித்துக்கொண்டே சொல்வான் பாவி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மே மாத லீவில் செர்ரியோடு போய் அவளை வசப்படுத்திவிடலாம் என்று இருந்தான். மே மாதம் வருவது முந்திப் பழுக்கும் ரகம். மற்ற மரங்கள் பச்சைக் காயோடு நிற்கும்போதே இது சிவந்துவிடும். முதல் பழத்துக்கு நல்ல விலை என்று தோட்டக்காரர்கள் விரும்பி வைப்பார்களாம். தித்திப்புக்குக் குறைவில்லை. ஆனால் தோல் மெல்லிசு, சதை கொழகொழ. மழை பட்டால் வெடிக்கும், விரல் பட்டால் கன்றும், காம்பு விழுந்தால் மறுநாளே தண்ணீர் விடும்.

"ஜூலைல கெட்டியான ரகம் வருமேடா, அப்பப் போ" என்றேன்.

"ஜூலைல பள்ளிக்கூடம் இருக்கும்ணே. எனக்கு அவகூட நாள்பூரா இருக்கணும்."

கிறுக்குப் பயல், ஒன்றை யோசிக்கவில்லை. முதல் லோடு இறங்கும் நேரத்தில் எவன் லீவு கொடுப்பான்? கிளம்புவதற்கு முந்தின நாள் சூப்பர்வைசர் கையை விரித்துவிட்டான். "சீசன் பாய். லீவு மாஃபி."

நானாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். இவன் தலையை ஆட்டிவிட்டு, கடைக்குப் போகாத காம்பு விழுந்த பழங்களில் ஒரு டப்பா கேட்டு வாங்கி வந்தான்.

அன்று சாயங்காலம் வீடியோவில் டப்பாவைத் திறந்து காட்டினான். விஜி எட்டிப் பார்த்தாள்.

"இது செர்ரி இல்ல. செர்ரி கேக்கு மேல இருக்கும்."

"இதான் தாயி நெசச் செர்ரி."

"பொய்யி. தின்னு காட்டு."

தின்றான். சாறு தாடையில் வழிந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இன்னொண்ணு!" என்றாள். போனை அம்மாவிடம் கொடுக்கவே இல்லை. விழுந்த பல்லைக் காட்டினாள், பூனை குட்டி போட்ட கதையைச் சொன்னாள். டப்பா காலியாவதைப் பார்த்து இவன் ஒரு பழத்தை மூன்று கடியாகக் கடிக்க ஆரம்பித்தான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"அப்பா, தீந்துருச்சா?"

அவள் அவனை அப்பா என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தீந்துருச்சு தாயி."

"அப்ப போனை வெச்சிரவா?"