பீரோவுக்குள் ஒரு டர்போ

காருக்கு அடியில் படுத்து வேலை செய்பவனுக்கு வீட்டுக்காரரின் செருப்பு மட்டும்தான் தெரியும். அது எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை வைத்தே அவர் நம்மை எவ்வளவு நம்புகிறார் என்று சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிறர் வீட்டு வாசலில் மல்லாந்து கிடக்கும் என் இனத்தவர்களே, சாலமன் வீட்டில் அந்தச் செருப்பு ஒரு நாளும் என் பக்கமிருந்து திரும்பியதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஞாயிறன்று வீடுகளுக்குப் போய் கார் வேலை பார்ப்பேன். சாலமன் வேறொரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். பழைய ரெண்டு கதவு பந்தயக் கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். கப்பலில் வேலை பார்த்த அவர் தம்பி அந்தக் காருக்கு ஒரு டர்போ வாங்கி வந்து கொடுத்திருந்தார்.

டர்போ என்பது பெரிய மாயமில்லை. எஞ்சினிலிருந்து வீணாக வெளியே போகும் சூடான புகை ஒரு சிறு காற்றாடியைச் சுற்றும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை உறிஞ்சி எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், வண்டி பறக்கும். ஆனால் அம்பத்தூரில் அதுவரை யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் உட்பட.

பட்டுப்புடவைக்குப் பக்கத்தில்

டர்போ இருந்த இடம் சாலமன் வீட்டு இரும்பு பீரோ. ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோவிலிலிருந்து திரும்பியதும் பீரோவைத் திறந்து ஒவ்வொரு பாகமாக எடுத்து வருவார். சாயங்காலம் நான் கை கழுவுவதற்குள் எல்லாம் உள்ளே போய்ப் பூட்டப்பட்டுவிடும். வேலை செய்த நேரத்தைவிட அவர் உள்ளேயும் வெளியேயும் நடந்த நேரம் அதிகம்.

அவர் மனைவி ரோஸி எனக்குக் காபி கொடுத்துவிட்டு, கணவர் காதில் விழும்படியே சொன்னார்: "கோயில்ல பக்கத்துல உக்கார்றவங்க, 'இன்னா ரோஸி, புடவையில கிரீஸ் வாசனை வருது'ங்கறாங்க. என் வளையலு சமையல் ரூம்ல கெடக்குது. இதுக்குத்தான் பீரோ."

சிவப்புப் பொட்டு

இரண்டாவது ஞாயிறு பார்த்தால், ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சிவப்புப் பெயிண்டுப் பொட்டு. போல்டு, நட்டு, வாஷர் எதையும் விடவில்லை. தொழிற்சாலையில் தேறிய பாகத்துக்குப் பொட்டு வைப்பது அவர் உத்தியோகம். வீட்டில் அது எனக்காக வைத்தது. நான் ஒரிஜினலை எடுத்துக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டிவிடுவேன் என்ற பயம்.

எனக்கும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. பொட்டு வைக்கிற கை என் ஸ்பேனர்களை மட்டும் சும்மா விடுமா? அன்று முதல் போகும்போது பையைத் திறந்து அவர் எதிரிலேயே சரிபார்த்தேன். அவருக்கு அதில் வருத்தமே இல்லை, சந்தோஷம்தான். "தப்பா நினைக்காதீங்க. எங்கப்பாவே கல்லறையிலேருந்து எழுந்து வந்து ஒரு சாமான் குடுத்தாலும் பொட்டு வெச்சுத்தான் உள்ளே எடுப்பேன்" என்றார்.

விசில்

மூன்றாவது ஞாயிறு டர்போவைப் புகைக்குழாயோடு சேர்த்து முடுக்கிவிட்டேன். காற்றுக் குழாயை, பெட்ரோலும் காற்றும் கலக்கும் கார்பரேட்டரோடு இணைக்கும் வேலை மட்டும் பாக்கி. எண்ணெய் கசிகிறதா என்று பார்க்க எஞ்சினை ஓட்டி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தேன். உய்ய்ய் என்று ஒரு சத்தம் கிளம்பித் தெரு முழுக்கப் போயிற்று.

எதிர்வீட்டு முனுசாமி லாரி ஓட்டுபவர். இரவெல்லாம் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். என்னையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இன்னா அண்ணாத்தே, ஒன் வண்டி விசிலடிக்குது? எதிர் ஊட்ல பொம்பளைங்க கீறாங்க, தெரியுமில்ல?"

ஆதாரம்

அன்று சாயங்காலம் சாலமன் முகம் வாடியிருந்தது. டர்போ இனி காரோடு சேர்ந்துவிட்டது, பீரோவுக்குள் போகாது. ஒரு வாரம் வாசலில் நிற்க வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடி, கயிற்றால் கட்டி, அதற்கும் பூட்டுப் போட்டார்.

அடுத்த ஞாயிறு நான் சீக்கிரமே போய்விட்டேன். அவர் கோவிலில் இருந்தார். காய்ச்சலோடு வீட்டிலிருந்த ரோஸி சாவி கொடுத்தார். வழக்கப்படி காற்றுக் குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், சுத்தம். இணைத்துக் கிளிப் போட்டு முடுக்கினேன். அவர் வந்தபோது வேலை முடிந்திருந்தது. குழாயின் இணைப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் ஓட்டிப் பார்க்கப் போனோம். வண்டி இருமியது. மிதித்தால் முக்கியது. புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. சாலமன் வண்டியை ஓரங்கட்டினார். உள்ளே இருந்த காற்றாடியை நான் மாற்றிவிட்டேன் என்றார். மறுநாள் எஸ்டேட்டில் எல்லோரிடமும் சொல்லப்போவதாகவும் சொன்னார். இந்தத் தொழிலில் ஒருமுறை திருடன் என்று பெயர் வந்தால், அம்பத்தூரில் எந்த வீட்டுக் கேட்டும் நமக்குத் திறக்காது. எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "ஆதாரம் இருக்கு. என்னன்னு இப்பச் சொன்னா நீங்க உஷாராயிடுவீங்க."

சலவைக் குறி

வீட்டுக்குத் திரும்பியதும், தெரு பார்க்கவே பிரிக்கிறேன் என்றேன். முனுசாமி முதல் வரிசையில் வந்து நின்றார். டர்போவில் எல்லாப் பொட்டும் பத்திரமாக இருந்தது. குழாயைக் கழற்றி, கம்பியை வளைத்து, என் விரல் எட்டாத வளைவுக்கு அப்பால் விட்டுத் துழாவினேன். ஏதோ மாட்டியது. இழுத்தேன். வெள்ளைத் துணி வந்தது.

நாங்கள் வேலையில் துடைப்பது கழிவு பனியன் துணி. இதுவோ கஞ்சி போட்ட கைக்குட்டை. ஓரத்தில் கறுப்பு மையில் இரண்டு புள்ளி, ஒரு கோடு: எந்த வீட்டுத் துணி என்று தெரிய சலவைக்காரர் ஏழுமலை இடும் குறி. சாலமன் தரையைப் பார்த்தார். யாராவது கை வைத்தால் தெரியட்டும் என்று முந்தைய ஞாயிறு இரவு அவரே உள்ளே அடைத்த முத்திரை அது. குழாயை இணைத்திருந்ததைப் பார்த்ததும், துணியை நான் எடுத்து மறைத்துவிட்டேன் என்று முடிவு கட்டியிருக்கிறார். கேட்டால் முத்திரை ரகசியம் போய்விடுமே என்று கேட்கவுமில்லை.

ரோஸி கைக்குட்டையை வாங்கி, குறியைத் தடவிப் பார்த்தார். காய்ச்சல் குரலில் நிதானமாகக் கேட்டார்: "இது கொறையுதுன்னு வியாழக்கெழமை நான் ஏழுமலையத் திருடன்னு ஏசிக்கினு இருந்தேனே, அப்போ நீங்க பக்கத்துல குந்திக்கினு காபிதானே குடிச்சிக்கினு இருந்தீங்க?"

மறுபடி பொட்டு

குழாயை மாட்டி ஓட்டியபோது வண்டி பறந்தது. காட்டுப்பாக்கம் தாண்டியதும் சாலமன் வேகத்தைக் குறைத்தார். பிறகு, நல்ல மெக்கானிக் என்று எஸ்டேட்டில் தன் ஆட்களிடம் என் பெயரைச் சொல்லிவைப்பதாக மட்டும் சொன்னார். சொன்னபடியே செய்தார், அடுத்த மாதமே அவர் சொல்லி இரண்டு வீடு வந்தது. ஆனால் ஏழுமலையிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ரோஸிதான் கேட்டார். நான் கசிவு பார்க்கப் போயிருந்த நாள் அது. ஏழுமலை மூட்டையைக் கீழே வைத்து, காரையும் அதன் சிவப்புப் பொட்டுகளையும் பார்த்துவிட்டு, சாலமனிடம் சொன்னார்: "அந்தப் பெயிண்டு மிச்சம் கீதா சார்? இனிமே ஒங்க ஊட்டுத் துணிய நானும் பொட்டு வெச்சுத்தான் எடுப்பேன்."

அன்றிலிருந்து, எந்தக் காரில் காற்று வழி அடைபட்டாலும் எஞ்சினைத் திறப்பதற்கு முன், வீட்டுக்காரர் எதையாவது பத்திரப்படுத்தினாரா என்றுதான் முதலில் கேட்கிறேன்.