வாளித் தண்ணீரில் பாஸான தரை

என் மனைவிக்கு மரவீட்டின் மேல் விரோதம் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவ முடியாத தரையின் மேல்தான் விரோதம். ஈரத்துணியால் துடைத்தால் போதாதா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன்.

“கழுவாத வீட்டுல எப்பிடி வெளக்கேத்துறது? நீங்க புதுவீட்டுல போய் இருங்க. நா தாமுவேயிலயே இருந்துக்குறேன்.”

யாங்கூன் நகருக்குள், தாமுவேயில் எங்கள் மாடிவீட்டுக்கு ஓடு பதித்த தரை. அவள் ஊற்றும் தண்ணீர் வாரம் தவறாமல் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட லோஞ்சிக் கைலிகளை இன்னொரு முறை நனைக்கும். அதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை.

புதுவீடு யாங்கூனின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது. மழைவெள்ளத்துக்குப் பயந்து இடுப்புயரத் தூண்களை நட்டு, அவற்றின் மேல் உருட்டுமரங்களை அடுக்கி நானும் மனைவியின் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டியது. வீடு நிமிர்ந்து நின்றதில் எங்களுக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். தரைக்குப் பசுந்தாங் ஓடையருகே ஒரு மில்லில் பியின்காடோ மரம் அறுத்து வாங்கினோம். அந்த மரத்தில் ஆணி இறங்காது, வளையும். முதலில் துளை போட வேண்டும். துளை போடும் ஊசி உடைந்தால் மைத்துனன் என்னைப் பார்ப்பான், நான் மரத்தைப் பார்ப்பேன்.

புதிதாக அறுத்த பலகை நன்றாகக் காய்ந்த பிறகே பதிக்க வேண்டும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன். அந்த வரிக்கு அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். அடிக்கோடு போட்டதே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்ததால், பச்சைப் பலகைகளை எறும்பு நுழையாதபடி நெருக்கிப் பதித்துவிட்டோம்.

வெயில் காலம் வந்தது. பலகைகள் சுருங்கின. எறும்பென்ன, என் சுண்டுவிரலே இடுக்கில் போய் வந்தது.

“மச்சான், நாம வீடு கட்டல. ஆத்தோரம் அலோன்ல இருக்க மாதிரி படகுத்துறை கட்டியிருக்கோம்” என்றான் மைத்துனன்.

கழுவவும் முடியாது, பார்க்கவும் சகிக்காது என்றால் அவள் வாசல்படி ஏறமாட்டாள். அவள் வந்து பார்ப்பதற்குள் மரத்தூளையும் பசையையும் குழைத்து இடுக்குகளை அடைத்துவிடத் தீர்மானித்தோம். முதல் கிண்ணம் குழைத்துக்கொண்டிருந்தபோதே வாசலில் டாக்ஸி நின்றது. அன்று வெள்ளிக்கிழமை. கையில் வாளியோடு இறங்கினாள்.

நேராகப் போய்க் குழாயில் தண்ணீர் பிடித்து, மஞ்சள் கரைத்து, கூடத்தின் நடுவில் ஒரே வீச்சாக ஊற்றினாள். தண்ணீர் ஒரு நொடி பளபளத்துவிட்டு இடுக்குகள் வழியே காணாமல் போயிற்று. வீட்டுக்கடியில் தூங்கிய நாய் அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடியது. அவள் குனிந்து பலகையை உள்ளங்கையால் தடவினாள். எங்கும் தேங்கவில்லை.

“தண்ணி போறதுக்கு எடம் விட்டுத்தான் பதிச்சிருக்கீங்களா? மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

மைத்துனன் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். “மச்சான் ரொம்ப யோசிச்சுதான் செஞ்சாரு, அக்கா.”

ரொம்ப யோசித்தவனைப் போல நான் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் அதற்குள் கிழக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சாமிப் பலக இங்க வரட்டும். கொஞ்சம் ஒயரமா அடிங்க.”

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை விடிந்ததும் நாய் தானாகவே எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. அது காலி செய்த இடத்தில்தான், இடுக்கில் விழுந்த என் பேனாக்களைத் தவழ்ந்து தேடுகிறேன்.