எத்தனையாவது நெல்?

நஜீம் சார்தான் போன் செய்தார். "சார், மேடம் போயிட்டாங்க. மாரடைப்பு. நேத்து சாயந்திரமே எல்லாம் முடிஞ்சுதாம்." எந்த மேடம் என்று கேட்டேன். வெட்கங்கெட்ட கேள்வி. அவர் வாயில் மேடம் என்றால் ஒரே ஒருவர்தான், கணிதத்துறை செல்வராணி. "நம்ம மேடம் சார்" என்றார். அந்த 'நம்ம'வைக் கேட்கும் யோக்கியதைகூட எனக்கு இல்லை.

செல்வராணியை அறிந்த கல்லூரி நண்பர்களே, உங்களுக்கு எங்கள் ரயில் பேச்சும் தெரிந்திருக்கும். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்குக் காலை பாசஞ்சரில், மூன்றாவது பெட்டியில், ஒன்பது வருடம் ஒன்றாகக் கல்லூரிக்குப் போனோம். அவர் கணிதம், நஜீம் இயற்பியல், நான் தமிழ். பெயர் வைப்பதற்கு முன்பே எண் இருந்ததா, அளக்க முடியாத ஒன்றை உண்டு என்று சொல்லலாமா என்று அடித்துக்கொள்வோம். எதிரே சீட்டாடுகிறவர்கள் "ஆரம்பிச்சுட்டாங்கப்பா" என்று தலையில் அடித்துக்கொள்வார்கள்.

அந்தப் பேச்சுக்கு ஒரே சட்டம்தான், அதைப் போட்டவர் செல்வராணி. ஒரு கருத்தை மறுப்பதற்கு முன் அதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமா, அதுதான்" என்று ஒப்புக்கொண்ட பிறகே மறுப்பு. "அது முடியலைன்னா நீங்க என்கிட்ட பேசலை ஐயா, உங்ககிட்டயே பேசிக்கிறீங்க" என்பார். தமிழ் வாத்தியார் என்பதால் என்னை ஐயா என்பார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

ஒரு தை மாதம், குத்தாலம் தாண்டும்போது கொள்முதல் நிலையத்து வாசலில் நெல் குவிந்து கிடந்தது. "பழைய புதிர்தான்" என்று ஜன்னல் வழியே காட்டினார். "அதுல ஒரு நெல்லை எடுத்தா, மிச்சம் குவியல்தானே? இன்னொண்ணு எடுத்தா? இப்படியே எடுத்துக்கிட்டே போனா கடைசியில ஒரே ஒரு நெல். அதுவும் குவியலா? இல்லைன்னா, எத்தனையாவது நெல்லுல குவியல் காணாமப் போச்சு?" மாதக்கணக்கில் இதையே பேசினோம். ஈரப்பதம் பார்க்கும் மீட்டரில் ஒரு புள்ளி கூடினால் நெல்லைத் திருப்பி அனுப்புகிறார்களே, அதைப்போல எங்காவது கோடு போட்டே தீரவேண்டும் என்றார் நஜீம். சொல்லுக்குக் கோடு தேவையில்லை, குவியல் என்றால் ஊருக்கு விளங்கும், அது போதும் என்றேன் நான். செல்வராணி என் வாதத்தை என்னைவிட அழகாகத் திருப்பிச் சொன்னார். பிறகு, "எந்த ஊருக்கு விளங்கும் ஐயா?" என்று கேட்டார். நல்ல மடக்கு என்று சிரித்தேன்.

அந்த வருடம்தான் என் வீட்டுப் புதுமனை புகுவிழா. செல்வராணி நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பத்தில் பிறந்து படித்து வந்தவர். என்னுடையது, வரப்பில் நின்று ஆள் கூப்பிட்ட குடும்பம். ரயிலில் இது யாருக்கும் ஞாபகமே இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். கல்லூரியிலிருந்து வந்த எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளரில் காபி வந்தது. அவருக்கு மட்டும் பேப்பர் கப். "டம்ளர் பத்தலைங்க" என்றாள் என் மனைவி. "அதனால என்னங்க" என்று வாங்கிக் குடித்தார். அலமாரியில் டம்ளர்கள் அடுக்கியிருந்ததை நான் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

அதன் பிறகு ஒரு வருடம் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு கல்லூரி விழா அழைப்பிதழில் எல்லாத் துறைத்தலைவர் பெயரும் இருக்க, கணிதத்துறைத் தலைவரான அவர் பெயர் மட்டும் விடுபட்டிருந்தது. ரயிலில் அதை எடுத்துக் காட்டினார். "அச்சுல விட்டுப்போயிருக்கும் மேடம், இதுக்குப்போயி..." என்று ஆரம்பித்தேன்.

"ஐயா, ஒரு நெல்லைக் காட்டினா இது குவியலான்னு கேக்குறீங்க. அடுத்ததைக் காட்டினாலும் அதே கேள்விதான். அன்னைக்குப் பேப்பர் கப்பைக் காட்டியிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பீங்க. எனக்கு முப்பது வருஷமா வந்து விழுந்துக்கிட்டே இருக்கு. எத்தனையாவது நெல்லுல ஒத்துக்குவீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. "எல்லாத்துலயும் சாதியைக் கொண்டு வராதீங்க மேடம்!"

"அந்த வார்த்தையை நான் சொல்லவே இல்லையே. சட்டப்படி முதல்ல நான் சொன்னதைச் சொல்லுங்க. அப்புறம் மறுங்க."

சீட்டாட்டம் நின்றுவிட்டது. திருப்பிச் சொல்வதென்றால் அந்தப் பேப்பர் கப்பை என் வாயாலேயே சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, கடைசிப் பெட்டியில் போய் ஏறிக்கொண்டேன்.

நஜீமின் அந்தப் போன் வரும்வரை, பத்து மாதம் கடைசிப் பெட்டியிலேயே போனேன். அதே ரயில்தான். "மேடம் உங்க இடத்துல பையை வச்சுருக்காங்க சார், யாரையும் உட்கார விட மாட்டேங்கறாங்க" என்று நஜீம் ஒருநாள் வந்து சொன்னார். "பார்க்கலாம்" என்றேன். எத்தனை திமிர் எனக்கு!

கல்லூரி இரங்கல் கூட்டத்தில், "எப்படிப்பட்ட பின்னணியிலிருந்து வந்தும் எவ்வளவு நாகரிகமாக இருந்தார்" என்று ஒரு பெரிய மனிதர் உருகினார். செத்த பிறகும் ஒரு நெல். நானும் எழுந்து எங்கள் நட்பைப் பற்றி நாலு வார்த்தை பேசினேன். கடைசிப் பெட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சட்டம் ஒன்றுதான். காலம் கடந்து அதன்படி நடக்கிறேன். மேடம், நீங்கள் சொன்னது இது. என் வீட்டு அலமாரியில் டம்ளர் இருந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்துக் கொடுக்காமல் நின்றேன். அதுவும் ஒரு நெல், அதைப் போட்டவன் நான். போட்டவன் கையில் எப்போதும் ஒரு நெல்தான் இருக்கும், அதனால் அவன் கண்ணுக்குக் குவியல் தெரியாது. குவியலா இல்லையா என்று சொல்ல வேண்டியவர், அதன் அடியில் கிடப்பவர்.

இதுதானே மேடம்?

மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. "ஆமா, அதுதான்" என்று சொல்லத்தான் ஆளில்லை.